செம்பைச் சாய்த்த கை

தலைவரின் நினைவிடத் தோட்டத்தில் சருகு விழும் சத்தம்கூடக் கேட்டது. உள்ளே புகைப்படக் கூடத்தில் தங்கபுஷ்பம் ஒரு படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஊர்க் காலனியில் தலைவர் குனிந்து தண்ணீர் குடிக்கிறார். செம்பைச் சாய்த்து ஊற்றுகிற கை மட்டும்தான் படத்தில் இருக்கிறது, முகம் இல்லை. அந்தக் கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது. அது அவள் அம்மா மாடத்தியின் கை. 'ஏழைப் பெண்ணிடம் நீர் அருந்தும் தலைவர்' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

கூட்டத்தை அழைத்து வந்த வழிகாட்டிப் பெண், "அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல எல்லாரும் ஒரே கிணத்துலதான் தண்ணி எடுத்தாங்க" என்றாள்.

"யாரு சொன்னா?" தங்கபுஷ்பத்தின் குரலில் கூடமே அதிர்ந்தது. "அவரு காரு ஊர் எல்லையத் தாண்டல, அதுக்குள்ள ஊர்க்காரங்க எங்க வீட்டக் கொளுத்திட்டாங்க. தண்ணி ஊத்துன கைய ஒடிச்சுப் போட்டாங்க. சாவுற வரைக்கும் எங்கம்மாவால அந்தக் கையத் தூக்க முடியல."

"அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது. போட்டோ எடுத்துட்டு நகருங்க."

"ஒரு பேரு கூடவா இல்ல அவளுக்கு?"

தங்கபுஷ்பம் வருகைப் பதிவேட்டில் கட்டியிருந்த பேனாவை நூலோடு பிடுங்கினாள். படத்தின் கீழிருந்த 'ஏழைப் பெண்' என்பதை அழுத்தி அடித்துவிட்டு, மேலே எழுதத் தொடங்கினாள். காவலாளி விசிலடித்தபடி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

"கைய எடுங்க" என்றாள் திரும்பாமலே. "இன்னும் ஒரு எழுத்து இருக்கு."