ரெண்டு டயர் போதும்

"பொய் சொல்லாதீங்க பாஷா! நீங்க ஓட்டின லட்சணத்துலதான் வண்டி மலையில நின்னுச்சு."

வேங்கிக்கால் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே டாக்டர் மதிவதனி கத்திக்கொண்டுதான் இறங்கினார். பின்னாலேயே டிரைவர் ஜானி பாஷா.

"சத்தியமா இல்ல மேடம். பூ மாதிரிதான் ஓட்டுனேன்."

"பூ மாதிரியா? பிரசவ வலியோட ஒரு பொண்ணை ஏத்திக்கிட்டு ஜவ்வாது மலையில பாதி வழியில நின்னோமே! அந்தப் பால் வண்டி மட்டும் வரலன்னா தாயும் புள்ளையும் என்ன ஆகியிருப்பாங்க?"



கட்டி இழுத்து வந்த டாக்டரின் வண்டியைக் காலையிலேயே பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் சகாதேவன், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நாணயமான ஆள் என்று ஊருக்குள் அவருக்கு நல்ல பேர்.

"நீங்களே சொல்லுங்க சகாதேவன். கம்பெனிக்கே கொண்டு போலாம்னு நான் சொன்னேன். உங்ககிட்டதான் காட்டணும்னு இவர்தான் ஒத்தைக்கால்ல நின்னார். வண்டி மேல தப்புன்னா இவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். இவர் மேல தப்புன்னா, இனிமே இவரை நம்பி நோயாளிங்களை ஏத்த முடியாது. இன்னியோட கணக்கு முடிஞ்சுது."

நியாயமான பேச்சுதான். யார் குறை சொல்ல முடியும்?

"டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு மேடம்," என்றார் சகாதேவன். "எஞ்சின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி. உள்ள செயின் தொளதொளன்னு ஆயிடுச்சு. பல்லெல்லாம் தேஞ்சு கெடக்குது."

"ஏன் தேஞ்சுது?"

ஏன் என்று பெட்டியைத் திறந்த உடனேயே சகாதேவனுக்குத் தெரிந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் முன் டயர் வெடித்து இதே வண்டி இங்கே வந்தது. "நாலையும் மாத்தணுமா?" என்று டாக்டர் போனில் கேட்டார். கடையில் கையிருப்பு இரண்டுதான். "முன்னாடி ரெண்டு போதும் மேடம்" என்று மாட்டி அனுப்பியவர் இவர்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் முன்னால் புதுசும் பின்னால் தேய்ந்த மொட்டையும் இருந்தால், இரண்டும் ஒரே மாதிரி சுற்றுமா? அந்த இழுபறி முழுக்க நடுவிலிருக்கும் இந்தப் பெட்டிக்குத்தான். அது அன்றைக்கே இவருக்குத் தெரியும். வாசலுக்கு வந்த வண்டியை வேறு கடைக்கு அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொன்னால்? பிரசவக் கேஸை நடு மலையில் நிறுத்தினவன் சகாதேவன் என்று ஆகும். டாக்டரம்மா வாயால் ஊர் முழுக்கப் போகும். இத்தனை வருஷப் பேர் மண்ணாய்ப் போகும். டிரைவருக்கு என்ன, திருவண்ணாமலையில் ஓட்ட வண்டியா இல்லை?

மனுஷன் மனசு எவ்வளவு சுருக்காக வழி கண்டுபிடிக்கிறது பாருங்கள்!

"ஓட்டுறதுலதான் இருக்குது மேடம். சறுக்குற எடத்துல ஆக்சிலேட்டரை ஜாஸ்தி மிதிச்சா இப்படித்தான் ஆகும்."

பாஷா விலுக்கென்று நிமிர்ந்தார். "அண்ணே... நானா?"

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க பாய். பழக்கம், கால் தானா மிதிக்கும்." சகாதேவன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தேடினார். "பெட்டியை மாத்திடறேன் மேடம். கையோட டயரையும் நாலும் ஒரே மாதிரி போட்டுடலாம். சேஃப்டிக்குத்தான்."

"நீங்க ஒருத்தர் இருக்கறதாலதான் தைரியமா மலை ஏறுறேன், சகாதேவன்." டாக்டர் பாஷாவிடம் கையை நீட்டினார். சட்டைப்பையிலிருந்த வண்டியின் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு பாஷா ஒதுங்கி நின்றார்.

டாக்டரின் ஆட்டோ போய்விட்டது. பாஷா போகவில்லை.

சண்டைக்கு வருவான் என்று சகாதேவன் சட்டென வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வந்தால் சொல்ல நாலு பதிலும் தயார் செய்து வைத்திருந்தார்.

பாஷா வரவில்லை. வாசலோரம் நின்று பெண்டாட்டியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கீழே படுத்திருந்தவர் காதில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது.

"ஆமா வஜீதா, வேலை போச்சு... மேடத்தை எதுக்குத் திட்டுற? அவங்க கரெக்டாதான் பேசுனாங்க... நானும் நேத்து பூரா நான் பண்ணலன்னுதான் சாதிச்சேன். இல்லம்மா, தப்பு என் மேலதான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அந்தப் பாவம் எனக்குத்தான் வந்திருக்கும்... யாரு சொன்னாங்களா? சகாதேவன் அண்ணனே பாத்து சொல்லிட்டாரு. அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?"