சோபாவின் மரியாதை

வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே புது சோபாவுக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. "உன் நகம் என் மேல படக்கூடாது" என்று எரிந்து விழும். வீட்டுக்காரி தமயந்தியும் அதே கட்சி. சோபா மேல் ஆரஞ்சுத் தோலைப் பரப்பிப் பார்த்தாள். பூனை அசரவில்லை. பசைப் பக்கம் மேலே இருக்கும்படி டேப்பை நெடுக ஒட்டினாள். அதோடு பூனை அந்தப் பக்கமே போகவில்லை. சோபாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள்.

"ஐயய்யோ, அதுல உட்காராதீங்க, புடவை ஒட்டிக்கும்" என்று தமயந்தி பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். பஜ்ஜியும் ஊர்வம்பும் அங்கேயே நடந்தன. பூனை சம்பந்தியம்மாள் மடியில் சுருண்டிருந்தது.

எல்லோரும் கிளம்பியதும் சோபா மெல்லச் செருமியது. "நகத்தை உள்ள இழுத்துக்கிட்டு ஏறத் தெரியுமா உனக்கு?"

காலியான நாற்காலியில் பூனை புரண்டு படுத்தது.

"தெரியும். ஆனா இந்த நாற்காலி அதையெல்லாம் கேக்கறதில்ல."