தம்பியின் உயரம்

ஃபர்ஹா உட்கார்ந்து மிதித்தால் சைக்கிளில் 'டக், டக்' என்று சத்தம் வருகிறது. நின்று மிதித்தால் வருவதில்லை. செயின், பெடல் எல்லாம் பார்த்தாயிற்று. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிச் சென்னைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை ஓரம் அவளுக்காகக் காத்து நிற்கிறார்கள். மல்லிகை மணத்தின் மேல் வெயில் ஏறுகிறது. அந்த நோயில் இறந்த தம்பி பாதுஷாவின் சைக்கிள் அது. "அவன்தான் பின்னாடியே வாரான்ணே," என்கிறாள். "வரட்டும் தாயி. ஆனா சீட்டு இன்னும் அந்த நெட்டையன் உயரத்துலதான இருக்கு," என்கிறார் உடன் வரும் ராஜபாண்டி. "கால் எட்டாம இடுப்பு ஆடுது. ஆட ஆட சீட்டுத் தண்டு குழாய்க்குள்ள உரசுது. இப்படியே போனா திருச்சிக்குள்ள முட்டி போயிரும்." தண்டில் தம்பி தன் உயரத்துக்கு மார்க்கரால் போட்ட கோட்டை அவள் விரல் தடவுகிறது. பிறகு அவளே போல்ட்டைத் தளர்த்துகிறாள். கோடு குழாய்க்குள் இறங்கி மறைகிறது. இரண்டு விரற்கடை இறங்கிய சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறாள்; சத்தம் நின்றுவிடுகிறது.