எருமை நடந்த கம்பளம்

"எருமை நடந்த கம்பளத்துல எங்க வூட்டுப் பொண்ணு நடக்காது. சொல்ட்டன்!"

ஆரோக்கியம் போட்ட சத்தத்தில் மாதா கோயில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. அவள் கல்யாணப் பெண்ணின் அத்தை. அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுபேச்சுக் கிடையாது.

அல்போன்ஸ் கையைப் பிசைந்தான். வில்லியனூரில் பந்தல் கடை திறந்து, வெளியூரில் அவன் பிடித்த முதல் கோயில் கல்யாணம் இது. சிவப்புக் கம்பளத்தை வாசலிலிருந்து பீடம் வரை விரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, குட்டையிலிருந்து எழுந்து வந்த எருமை ஒன்று, சேறும் சகதியுமாகக் கம்பளத்தின் மேலேயே பீடம் வரை போய், வந்த வழியே திரும்பியிருந்தது. வெறும் தரையில் கால் வைக்க அதற்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"இன்னா அபசகுனம்டா இது! சாயந்தரம் மணி அடிக்கிறதுக்குள்ள இது சுத்தமா, காஞ்சி கெடக்கணும். இல்லன்னா கல்யாணத்தயே தள்ளிப் போட்டுடுவன்."

"ஒருநாள் தள்ளி வெச்சா..."

"விடிஞ்சா சாம்பல் புதன்பா! தவக்காலத்துல எந்த சாமியாரு கல்யாணம் பண்ணி வெப்பாரு? அப்புறம் ஈஸ்டர் கழிச்சிதான்!"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அல்போன்ஸ் சோப்புத்தூள் வாங்க ஓடினான். கம்பளக்காரனால் நின்ற கல்யாணம் என்று பேராகிவிட்டால் அப்புறம் எந்தக் கோயிலில் அவனைக் கூப்பிடுவார்கள்?

கம்பளத்தைக் கோயில் பின்பக்கத்துச் சிமெண்டுக் களத்துக்கு இழுத்துப் போனான். ஒரு முனையில் சோப்புத்தூள் பொட்டலத்தை அப்படியே கவிழ்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காலால் மிதித்தான். நுரை கணுக்காலுக்கு வந்தது. அதைக் கழுவ இன்னும் தண்ணீர் ஊற்றினான். முழங்காலுக்கு வந்தது. வழுக்கி உட்கார்ந்தான். இப்போது மூக்குக்கு வந்தது.

"இன்னாண்ணே, உள்ள எதுனா தேடுறியா?"

பழைய புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாரும்மா?"

"ஒத்தாசைக்கு வந்த ஆளு. நல்ல வேள, ஒரு முனையோட வுட்ட. இம்மாந்தண்ணி முழுக்க ஊத்தியிருந்தா ஈஸ்டருக்குக்கூட காயாது." அவள் புளியமரப் பக்கம் திரும்பினாள். "ஏய் நெட்ட! அங்கயே நின்னுகினு இன்னா பண்ற? கொண்டா!"

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒருவன் வந்தான். மடித்துக் கட்டிய லுங்கி. முதுகில், வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர்.

அல்போன்ஸ் அலறினான். "ஐயையோ, பூச்சி மருந்தா?"

"புது டின்னுண்ணே. இன்னும் மருந்தே ஊத்தல. சோப்புத் தண்ணிதான். ஒரு கொடத்துக்கு ஒரு புடி தூள், அவ்ளோதான்."

முதலில் நனைந்த முனையைச் சுருட்டி மூன்று பேரும் ஏறி மிதித்துத் தண்ணீரைப் பிழிந்தார்கள். பிறகு வேலை பறந்தது. நெட்டை பின்னால் நடந்தபடியே பனி மாதிரி மேலாக அடித்தான். அவள் தேங்காய் நாரால் தேய்த்தாள். அழுக்கு எழுந்து வந்ததும் அல்போன்ஸ் காய்ந்த சாக்கால் துடைத்தான். ஈரம் அடிவரை இறங்கவே இல்லை. அல்போன்சுக்குச் சந்தோஷம் தலைக்கேறிப் பாட்டே வந்துவிட்டது.

"மெதுவா அடி, நெட்ட! கம்பளத்துக்குக் குளிரு ஜொரம் வந்துடப்போவுது!"

"நீ வெரசா தேயி. கையா அது, மண்வெட்டி காம்பா?"

"வாயி பேசாத. அங்க ஒரு எடம் வுட்டுட்ட பாரு."

அல்போன்ஸ் நெட்டையின் காதைக் கடித்தான். "ஏம்பா, இந்த வாய எவன்பா கட்டிக்கினு காலந்தள்ளுவான்?"

"எவனோ ஒரு பாவி. அவன் தலையெழுத்துண்ணே."

அவள் காதில் அது விழுந்துவிட்டது. "இந்த ஒட்டடக் கோல கட்டிக்கிறவ மட்டும் ரொம்பக் குடுத்து வெச்சவளாக்கும்!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாசி வெயிலும் கைகொடுத்தது. சவுக்குக் கழியில் தொங்கிய கம்பளம், தொட்டுப் பார்த்தால் வாங்கிய அன்று இருந்தது போல மொறுமொறுவென்று இருந்தது.

முதல் மணி அடித்தது. "ஐயோ, வூட்ல தேடுவாங்க!" என்று அவள் ஒரு பக்கம் ஓடினாள். நெட்டை ஸ்பிரேயரோடு இன்னொரு பக்கம் ஓடினான். பேர் கூடக் கேட்கவில்லையே என்று அல்போன்ஸ் நொந்துகொண்டான். இந்த இரண்டு பேரையும் எப்படியாவது கடைக்கு வேலைக்குப் பிடித்துவிட வேண்டும். தினமும் சண்டை போட்டால்தான் என்ன, வேலை நடக்கிறதே!

விரித்த கம்பளத்தை ஆரோக்கியம் குனிந்து தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து, சரியென்று தலையாட்டினாள். அல்போன்சுக்கு உயிர் வந்தது.

பேண்டு முழங்கியது. முக்காடும் பூச்செண்டுமாகக் கல்யாணப் பெண் மெல்ல நடந்து வந்தாள். அல்போன்ஸ் மரியாதையாக ஓரம் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பக்கத்தில் வந்ததும் கால்கள் நின்றன.

"அண்ணே," என்றது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கிசுகிசுப்பு, "அந்த நெட்ட ஒழுங்கா வந்து நிக்கிதா பாரு."

திடுக்கிட்டு அல்போன்ஸ் பீடத்தைப் பார்த்தான். அங்கே கோட்டும் மாலையுமாக நின்ற மாப்பிள்ளை அவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.