சூடு காதில் விழாது

வேலை தேடுவதையே எட்டு மாதமாக வேலையாகப் பார்த்துவந்த அந்தப் பெரிய மனிதர், கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார்.

“பக்கத்து ரூம்ல என் மனைவி ஆன்லைன்ல பாடம் எடுக்குறாப்பா. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோட ஃபேன் இரைச்சல் அவளுக்குத் தொந்தரவு. வேகத்தைக் குறைச்சு விடு.”

“குறைச்சா பெட்டி சூடாகும் சார். பெரிய ஃபேனா மாத்திட்டா சத்தமும் இருக்காது, சூடும் ஏறாது.”

“அதெல்லாம் எதுக்கு? சூடு காதுல விழவா போகுது?”

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

மறுநாள் மத்தியானம், பாடம் முடிந்து மனைவி எட்டிப்பார்த்தாள். அவர் அவசரமாக ஹெட்போனைக் கழற்றினார். திரையில் வேலைக்கான விண்ணப்பம் ஒன்று பாதியில் நின்றது.

“காலையிலேர்ந்து இதே வேலைதான். துளிச் சத்தம் வந்துச்சா? எல்லாம் உனக்காகத்தான்!” என்றார், தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவள் பெட்டியின்மேல் கை வைத்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“விண்ணப்பம் அடிச்சா ஃபேனும் கத்தாது, பெட்டியும் இப்படிச் சுடாது. சொல்லுங்க, அந்த கேம்ல இன்னைக்கு எத்தனை பேரைச் சுட்டீங்க?”