அத்தாவைத் தின்ன வந்த பூச்சி

இது நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், பூச்சியைக் கேளுங்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கோத்திய மொழி பேசிய சனங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பழைய தோல் ஏட்டில் 'அத்தா' என்ற சொல் வெள்ளி மையில் உட்கார்ந்திருந்தது. அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புத்தகப் பூச்சி ஒன்று அதைத் தின்ன வந்தது.

"அடேய், நான் யார் தெரியுமா? அப்பாவைப் பார்த்தால் 'அத்தன்', அப்பாவுக்குக் கொடுத்தால் 'அத்தின்'. ஒவ்வொரு வேற்றுமைக்கும் தனித்தனிச் சட்டை வைத்திருக்கிறேன்!" என்றது சொல்.

"சட்டை இருக்கட்டும் ஐயா. உம்மைக் கூப்பிட ஆள் இருக்கா? கூப்பிடாத சொல் எனக்குச் சோறு."

பூச்சி வாயைத் திறந்தது.

அந்நேரம் ஏட்டைப் பார்க்க வந்த ஒருவரின் தோளிலிருந்த கைக்குழந்தை, எச்சில் ஒழுக அவர் மூக்கைப் பிடித்து இழுத்து, "அத்... தா!" என்றது. அது பேசிய முதல் பேச்சு.

"ஆமாடா தங்கம், அத்தாதான்!" மனுஷர் அழுதேவிட்டார்.

"கோத்தியப் பிள்ளையா?" என்று கேட்டது சொல்.

"இல்லை ஐயா. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவர்களும் அப்பாவை 'அத்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னும் பல்லே முளைக்கவில்லை."

"அப்படியென்றால் நான் பிறந்தது இந்த ஏட்டில் இல்லையா?"

பூச்சி திறந்த வாயை மூட மறந்து, குழந்தையின் அந்தப் பொக்கை வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.