இரண்டு ஐம்பதுக்கு அச்சான தாள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிருபாபாய் என்னை வழிமறித்தாள்.

"கம்ப்யூட்டர் ரூம் அம்மா நீங்கதான? அவிய தாளைப் பாத்து கையெழுத்துப் போடாம உள்ள போவவே மாட்டாவ. பாக்காமப் போனாவன்னு எழுதிட்டாவளே."

உள்ளே அவள் புருஷன் ஜெயசிங் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். எங்கள் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக பம்ப் ஆபரேட்டர். ஒன்பது நாளுக்கு முன்பு, அமோனியா தொட்டி அறைக்குள் வால்வை மூடப் போனவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்வை வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

அந்த அறையில் வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ப்ரோக்ராமை எழுதியது நான்.

மெட்ராஸில் வைத்து, சி மொழியில் எழுதினேன். பெரிய ப்ரோக்ராம் ஒரு சின்ன ப்ரோக்ராமைக் கிளப்பிவிடும். சின்னது நிமிடத்துக்கு ஒரு தடவை வாயுவை அளந்து சொல்லும். பெரியது அதை அறை வாசலில் இருக்கும் டெலிபிரிண்டரில் அச்சடிக்கும். உள்ளே போகிறவர் அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சின்னது நின்றுபோனால் பெரியதற்குத் தகவல் வரும். உடனே மணி அடிக்கும்.

மெட்ராஸ் மெஷினில் நிறுத்திப் பார்த்தபோது மணி அடித்தது.

தூத்துக்குடிக்கு வந்தது வேறு கம்பெனி மெஷின். அதன் ஆபரேட்டிங் சிஸ்டமும் வேறு. இரண்டிலும் ஒன்று போல ஓடும் என்று கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் ரூம் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சின்னதை நிறுத்திப் பார்க்கிற அந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிட்டேன்.

விபத்துக்கு மறுநாள் தனியாக உட்கார்ந்து நிறுத்திப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. பெரியது கடைசியாகக் கேட்ட எண்ணையே திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

சம்பவ நேரத்துத் தாள் கிடைக்கவில்லை. ஜெயசிங் பார்க்காமல் போனார் என்று பாதுகாப்பு அதிகாரி காசிலிங்கம் எழுதிவிட்டார். நாளை விசாரணை. அவருக்கு வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்துக் கிருபாபாயிடம் கொடுத்தேன். அன்றைக்கு மணி இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை ஒரே எண். ஒவ்வொரு வரியிலும் 'அபாயம் இல்லை'. கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சில் கையெழுத்து.

"அவிய கையெழுத்துல்லா இது" என்றாள். விரலால் தடவினாள்.

"நாளைக்கு இதைக் குடுங்க. தப்பு மெஷின்லதான்னு நானும் வந்து சொல்லுதேன்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா இருப்பிய. எங்கெல்லாமோ தேடுனாவளேம்மா, எங்கன கிடந்துச்சு?"

"எங்கயும் கிடக்கல. அன்னைக்கே கிழிச்சு எடுத்தது நான்தான்."

அவள் என் கைகளை உடனே விடவில்லை.

பிறகு விட்டாள்.